கடை காவேரிப்பட்டணத்தில், வாடிக்கையாளர் எங்கேயோ: நெட் காலத்தில் ஊர் வியாபாரத்தை நடத்த ஒரு முழு வழிகாட்டி

நாலு வழிச்சாலை வந்தபோது எங்கள் தெருவுக்கு என்ன ஆனது என்பதை வைத்துத்தான் நான் இன்டர்நெட்டைப் புரிந்துகொண்டேன். அதுவரை சேலம் பஸ்ஸும் பெங்களூரு பஸ்ஸும் ஊருக்குள் நின்று போகும், ஐந்து நிமிஷம் நின்றால் போதும், ஜன்னல் வழியாகவே எங்கள் கடை நிப்பட்டு (தட்டை மாதிரி மொறுமொறு பலகாரம்) பத்துப் பொட்டலம் கைமாறிவிடும். ரோடு ஊருக்கு வெளியே போனதும் பஸ்களும் அதோடு போய்விட்டன. கடை அதே இடத்தில், ருசி அதே ருசி, கூட்டத்தை மட்டும் காணோம். சிலர் ரோட்டோரம் போய்ப் புதுக்கடை போட்டார்கள். அப்பா போகவில்லை. அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பேருக்குக் கடன் நோட்டு, ஆனால் யார் வீட்டில் எப்போது காதுகுத்து, எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் சம்பந்தம், சீர்வரிசைக்கு எத்தனை கிலோ போனது என்பதெல்லாம் ஓரத்தில் கிறுக்கி வைத்திருப்பார். அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து ஆள் அனுப்பி ஆர்டர் பிடித்தே ஏழெட்டு வருஷம் கடையைத் தாங்கிப் பிடித்தார்.

நெட்டும் ஒரு பெரிய ரோடுதான். எவரோ போடுகிறார்கள், எவரோ வளைவை மாற்றுகிறார்கள், நம்மைக் கேட்பதில்லை. அதன் ஓரத்தில் நாமும் போர்டு வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும், ஆனால் நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கடையோ பட்டறையோ தோட்டமோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: நோட்டு

ஆப் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள், இன்னும் நேரமிருக்கிறது. ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ எடுங்கள். பெயர், போன் நம்பர், ஊர், கடைசியாக என்ன வாங்கினார், எதற்காக வாங்கினார். ஐந்து கட்டம் போதும். "எதற்காக" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மகன் ஹாஸ்டலுக்கு அனுப்ப வாங்கினாரா, ஆபீஸில் கொடுக்கவா, அம்மாவின் திதிக்கு வருகிறவர்களுக்கா? அடுத்த வருஷம் அதே மாதம் அவரை நினைவுபடுத்த அந்த ஒரு வார்த்தைதான் உதவும். நம்பர் வாங்கும்போதே "தீபாவளி நேரம் மெசேஜ் போடட்டுமாங்க?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் குரூப்பில் சேர்த்துவிட்டால் அவர் வெளியே போவதோடு நம்பரை பிளாக்கும் செய்துவிடுவார்.

முதல் மூன்று மாதத்தில் நூறு பெயர் சேர்ந்தால் நல்ல ஆரம்பம். வேகமாக ஆயிரம் வேண்டும் என்று எங்கிருந்தோ நம்பர் லிஸ்ட் விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அடுத்தவன் நோட்டு, நமக்கு உதவாது.

எல்லாக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் நம்பரில்

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தது கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி. நல்ல பையன், எண்ணெயில் நிப்பட்டு உப்புவதை அவ்வளவு அழகாக வீடியோ எடுப்பான். பக்கத்தைத் தன் போன் நம்பரிலேயே திறந்திருந்தான், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான், பழைய சிம்மை விட்டுவிட்டான், பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. ஆறாயிரம் பேர் பின்தொடர்ந்த பக்கம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, பழைய விலையோடு, பழைய நம்பரோடு. உள்ளே போக வழியில்லை. அதைப் பார்த்து இப்போதும் யாராவது "பழைய ரேட்டுக்குத் தருவீங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே கடைக்கென்று தனி சிம், கடைக்கென்று தனி ஜிமெயில். கூகுள், இன்ஸ்டாகிராம், வெப்சைட் டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) எல்லாம் அந்த மெயிலில் இருக்கட்டும். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள், போன் தொலைந்தாலும் உள்ளே போக உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். வெப்சைட் செய்து தருகிறவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு வருஷா வருஷம் இஷ்டத்துக்குப் பணம் கேட்பது நடக்கிற விஷயம்தான். முதல் நாளே உங்கள் பெயரில் பதியச் சொல்லுங்கள்.

மேப்பில் கடையை உட்கார வையுங்கள்

கூகுளில் கடையைப் பதிவது இலவசம், அதற்குப் பணம் கேட்டு யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை (பின்) நீங்களே கடை வாசலில் நின்று வையுங்கள். எங்கள் பின் முதலில் பின்பக்கச் சந்தில் இருந்தது, கார்கள் அங்கே போய் மாட்டிக்கொண்டு எங்களைத் திட்டிவிட்டுப் போயின. வாசல் போட்டோவை டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி எடுங்கள். பண்டிகை நாள் நேரத்தை மாற்றி வைக்க மறக்காதீர்கள், பொங்கலன்று பூட்டின கடைக்கு வந்து நிற்கிறவர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுத்தான் போவார்.

மோசமான ரிவ்யூ வந்தால் பதில் எழுதுங்கள், சண்டை வேண்டாம். அந்தப் பதிலைப் படிக்கப்போவது திட்டியவர் இல்லை, அடுத்து வரப்போகிறவர்.

உங்கள் பொருளுக்கு எத்தனை பெயர்?

இதை நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 'பெங்களூரா மாம்பழம்' என்று மட்டும் போட்டுவிட்டு ஒருவரும் வரவில்லை என்றார். நம்மூரில் பெங்களூரா. சென்னைக்காரர்களுக்கு அது கிளிமூக்கு. பெங்களூருக்காரருக்கோ அது தோத்தாபுரி, பெங்களூரா என்றால் அவருக்குப் பழம் என்றே தெரியாது! மூன்று பெயரையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதச் சொன்னேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெலுங்கோ கன்னடமோ தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. நிப்பட்டும் அப்படித்தான், தெற்கே போனால் தட்டை.

கூடவே, மாம்பழக்காரர்கள் எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கார்பைடு கல் வைப்பதற்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. "காயாக அனுப்புகிறோம், வைக்கோலில் வைத்து வீட்டில் பழுக்க வையுங்கள்" என்று சொல்லி அனுப்புவது இரண்டு வகையில் லாபம்: வாங்குபவருக்கு நம்பிக்கை, வழியில் நசுங்குவதும் குறைவு.

வாட்ஸ்அப்: கடையின் இன்னொரு கல்லா

வாட்ஸ்அப் பிசினஸ் போதும், ஆரம்பத்திலேயே வெப்சைட்டுக்கு ஓட வேண்டாம். கேட்டலாக்கில் பொருள், எடை, விலை மூன்றும் இருக்க வேண்டும். விலை போடாமல் "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, வாடிக்கையாளருக்கும் பிடிப்பதில்லை. லேபிள் வசதியில் 'பணம் வந்தது', 'பேக் ஆச்சு', 'அனுப்பியாச்சு' என்று மூன்று வைத்துக்கொண்டால் எந்த ஆர்டரும் தொலையாது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பாதிப் பேருக்கு இது தெரியாது, அனுப்பிவிட்டு ஏன் ஆர்டர் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கங்க அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். தினமும் 'காலை வணக்கம்' படம் அனுப்புகிற கடைக்காரராக மட்டும் ஆகிவிடாதீர்கள்.

பணம்

யூபிஐ பற்றி இப்போது யாருக்கும் பாடம் வேண்டியதில்லை. மூன்று எச்சரிக்கை மட்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்குக் கொடுக்காதீர்கள், சவுண்ட் பாக்ஸ் பேச வேண்டும் அல்லது உங்கள் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் திருட்டு. காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆரை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயர் பாருங்கள், ராத்திரியில் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது, பெங்களூரில் பல கடைகளில் 'யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியது. அங்கே பலர் சொன்ன விளக்கம், அதில் மச்சான் அனுப்பிய கைமாற்றும் சேர்ந்திருக்கிறது என்பது. ரொக்கத்துக்குத் திரும்பி ஓடுவது வழியில்லை. தனிக் கணக்கு ஒன்று திறந்தால் எந்த வரவு எதற்கு என்று யார் கேட்டாலும் காட்டலாம்.

ஓசூர் தாண்டினால் வேறு சட்டம்

எல்லையோரம் இருக்கிற நம் மாதிரி மாவட்டங்களின் தலைவலி இது. சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். இதைக் கேட்டுவிட்டு "நமக்கு அவ்வளவு இல்லை" என்று பெங்களூருக்குப் பார்சல் அனுப்ப ஆரம்பித்துவிடுகிறோம். ஓசூரிலிருந்து பெங்களூரு கண்ணுக்குத் தெரிகிற தூரம், ஆனால் சட்டத்தின் கணக்கில் அது வெளிமாநிலம். வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. 2023 அக்டோபரிலிருந்து, பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் காம்போசிஷன்காரர்களும் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கலாம் என்று வழி செய்தார்கள், அதுவும் மாநிலத்துக்குள் மட்டும்.

தோட்டத்துக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. புது மாம்பழத்துக்கு வரியே கிடையாது. அதையே கூழாக்கி பாட்டிலில் அடைத்தால் கதை மாறிவிடும். பேக் செய்த நொறுக்குத் தீனிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் பொருளுக்கு எது என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

தின்கிற பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண்) 14 இலக்கம், பாக்கெட்டில் இருக்க வேண்டும். எடை, விலை, தயாரித்த தேதி, காலாவதி, சேர்மானம், முகவரி, புகார் நம்பர் எல்லாம் வேண்டும். நிப்பட்டில் நிலக்கடலை போடுகிறோம் இல்லையா, அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

பார்சல்: இங்கேதான் உயிர் இருக்கிறது

முதல் முறை சென்னைக்கு நாற்பது பார்சல் அனுப்பினோம். இரண்டாம் நாள் ஒரு அக்கா போன் செய்தார்: "தம்பி, நிப்பட்டு ஆர்டர் பண்ணினேன், நிப்பட்டு மாவு வந்திருக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாற்பதில் முப்பது அப்படித்தான் போயிருந்தது. பணத்தைத் திருப்பினோம், திரும்பவும் அனுப்பினோம், அந்த மாத லாபம் அதோடு சரி.

கடையில் பொட்டலம் கட்டுகிற மாதிரி, கொட்டி மூடி அனுப்பியதுதான் தப்பு. இப்போது காசு அடுக்குவது போல நிப்பட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பத்தாக அடுக்கி, பட்டர் பேப்பரில் இறுக்கச் சுற்றி, பெட்டிக்குள் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறோம். இடைவெளியில் கசக்கிய காகிதம். பெட்டியை ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. அப்புறம் இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்க்கிறோம், கூரியர்காரர் செய்யப்போவதை நாமே முதலில் செய்துவிடுவது நல்லது. ஆறாமல் பேக் செய்யாதீர்கள். சூடு உள்ளே வேர்த்து மறுநாளே நமத்துவிடும்.

பெட்டி அளவில் இன்னொரு ஓட்டை. பல கூரியர்களில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். ஒரு கிலோ நிப்பட்டை நாங்கள் 30க்கு 25க்கு 20 பெட்டியில் அனுப்பினோம், கணக்குப் போட்டால் 15000, வகுத்தால் மூன்று கிலோ. காற்றுக்கு இரண்டு கிலோ காசு! இப்போது 25க்கு 20க்கு 15 பெட்டி, ஒன்றரைக் கிலோவில் நிற்கிறது. ஒரு அட்டைப்பெட்டியை மாற்றியதில் மிச்சமானது, எந்த விளம்பரத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய ஆப்களில் விற்கலாமா?

விற்கலாம், கணக்குப் போட்டுவிட்டு. உதாரணத்துக்கு ஒரு கிலோ பெட்டி, செய்கூலியும் சாமானும் 190 ரூபாய், பேக்கிங் 22, கூரியர் 75. ஆப்பில் 380க்குப் போடுகிறீர்கள், கமிஷனும் மற்ற கட்டணங்களும் சேர்த்து 20 சதவீதம் என்று வைத்தால் 76. மொத்தச் செலவு 363, மிச்சம் 17. இருபது பெட்டியில் ஒன்று உடைந்து திரும்பி, அந்த 380ஐத் திருப்பிக் கொடுத்தால் பெட்டிக்குப் பத்தொன்பது ரூபாய் போகிறது. அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ரூபாய் கையைவிட்டுப் போடுகிறோம், ஜிஎஸ்டியை இன்னும் சேர்க்கவே இல்லை. அதே பெட்டியை வாட்ஸ்அப்பில் 280க்கும் கூரியரைத் தனியாகவும் வாங்கினால் மிச்சம் 68.

அப்படியானால் ஆப் எதற்கு? ரோட்டோர போர்டு. தெரியாதவர் முதல் தடவை நம்மைக் கண்டுபிடிக்க உதவும். அங்கே சின்னப் பொட்டலம், கலந்த பொட்டலம் மட்டும் போடுங்கள். வந்தவர் பெயர் நம் நோட்டுக்கு வராது, ஆப்கள் வாடிக்கையாளர் நம்பரைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை, விதிகளும் கறார். லேபிளில் நம் பெயரும் ஊரும் புகார் நம்பரும் எப்படியும் இருக்கும். பிடித்திருந்தால் தேடி வருவார்.

பட்டறைக்காரர்களுக்கு

ஓசூர் பக்கம் லேத் பட்டறை வைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுப்பவர்களுக்கு நெட் என்றால் இன்ஸ்டாகிராம் இல்லை, வரவேண்டிய பணம். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இலவசம், 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல (பேங்க் ரேட்) மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டி. 'வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும்' என்ற பயம் எனக்கும் புரிகிறது. அதற்குத்தான் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடச் சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அவர்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார்: கெடு தாண்டியும் வருஷ முடிவுக்குள் தராத பணத்தை அந்த வருஷச் செலவில் காட்ட முடியாது என்று வருமானவரியிலும் விதி வந்திருக்கிறது. வாங்கி விற்பவர்களுக்கு இந்தத் தாமதப் பாதுகாப்பு கிடையாது, செய்து கொடுப்பவர்களுக்குத்தான்.

விலை ரகசியம் இனி இல்லை

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்களைப் பாருங்கள். விடியுமுன்பே கோலார் என்ன விலை, மதனப்பள்ளி என்ன விலை என்று போனில் வந்துவிடுகிறது. முன்பு விலை தெரிந்தவன் தெரியாதவனிடம் சம்பாதித்தான், இப்போது கூடை சுமக்கிறவருக்கும் தெரியும். இன்று மிச்சம் இருப்பது தரம் பிரிப்பதும் சொன்ன நேரத்துக்குச் சேர்ப்பதும்தான். மேலே நல்ல பழம், அடியில் சொத்தை என்று அடுக்கினால் அந்த போட்டோ மத்தியானத்துக்குள் நாலு குரூப்பில் சுற்றும்.

தீபாவளிக்கு ஒரு தேதி

கடைசியாக ஒரு சின்ன வேலை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே வெளியூர் ஆர்டரை நிறுத்திவிடுங்கள், அந்தத் தேதியை ஆயுத பூஜையன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கூரியர் ஆபீஸ்கள் அந்த வாரம் மூட்டையால் நிரம்பிவிடும், பண்டிகை முடிந்து போய்ச் சேருகிற பலகாரத்தைவிட அனுப்பாத பலகாரம் மேல். போன வருஷம் நிறுத்திய மறுநாள் பழைய ஆள் ஒருவர், அப்பா நோட்டிலேயே பெயர் உள்ளவர், சேலத்திலிருந்து கூப்பிட்டார்: "எனக்குமா இல்லைன்னு சொல்ற?" அனுப்பினால் போய்ச் சேராது என்று சொன்னேன். சாயங்காலம் தர்மபுரி பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று கிலோ வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷத் தேதியை இப்போதே எழுதிக்கொள் என்று நோட்டை வாங்கி அவரே தன் பெயருக்கு நேராக எழுதிவிட்டுப் போனார்.